ஆமை குறித்த இடைக்கால உத்தரவு

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
28.09.1986

அன்புள்ள மச்சான் டாக்டர் நடராசா அவர்களுக்கு,

நானும் மகள் வதனியும் சுகமாயிருக்கிறோம். நீங்களும், உங்கள் பொறுப்பில் நான் விட்டுவந்த என் மனைவி மலரும் அவ்வாறே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இக்கடிதம் மிருக வைத்தியர் என்ற முறையில் உங்கள் ஆலோசனையை வேண்டி எழுதப்படுவது.

எங்கள் வீட்டுக்காரர் கோஸ்தாஸ் என்னும் கிரேக்கர், கீழ்மாடியில் குடியிருக்கிறார். அவருடைய உறவினர் ஒருவர் சென்ற ஆண்டு தம் நாட்டிலிருந்து கோட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்த தரை ஆமைக் குஞ்சின் முன்னால் வதனி நாள்தோறும் குந்தியிருப்பதைக் கண்டு, அதை அவளுக்கே கொடுத்துவிட்டார். வயது இரண்டு என்கிறார். சான்று எதுவும் இல்லை. ஓட்டின் நீளம் ஒன்பது சென்ரிமீற்றர். எடை நூற்று அறுபத்திரண்டு கிராம். மூலைக்கடையில் இறைச்சி நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர், "மெல்லிசாக வெட்டவா, தடிப்பாக வெட்டவா?" என்று கேட்டார். வதனி இரண்டு நாள் அந்தக் கடைப் பக்கம் வர மறுத்துவிட்டாள்.

இந்த இனம் குளிர்காலம் முழுவதும் உண்ணாமல் உறங்குமாம். வைக்கோல் இட்ட பெட்டியில் நிலவறைக்குள் வைத்தால் சித்திரையில் தானே விழிக்கும் என்கிறார் கோஸ்தாஸ். இவ்வளவு சிறிய உயிர் ஐந்து மாதப் பட்டினியைத் தாங்குமா என்பது என் ஐயம். உறங்க விடுவதா, விடாமல் வைத்திருப்பதா? இங்கேயும் மிருக வைத்தியர்கள் உண்டு. அவர்கள் பேசுவது பிரெஞ்சு. நான் குறுக்கு விசாரணை செய்ய இயலாத மொழியில் தரப்படும் நிபுணர் சாட்சியத்தை ஏற்க எனக்குத் துணிவில்லை. வதனி இந்த ஆமையோடு பேசும் அளவுக்கு வேறு எவரோடும் பேசுவதில்லை. ஆகையால் இதில் தவறு நேரக்கூடாது.

மலருக்கு ஒரு செய்தி. அவளை அழைப்பதற்கான விண்ணப்பம் ஆயத்தமாக உள்ளது. எங்கள் விவாகப் பதிவின் போட்டோப் பிரதியே இப்போதைக்குப் போதும் என்று அதிகாரி சொன்னார். எனினும் குறைபாடுள்ள ஆவணத்தை விண்ணப்பக் கோவையில் சேர்க்க எனக்கு மனமில்லை. சென்ற ஆண்டு அவளுடைய பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக இருந்தது. அதைத் திருத்திக்கொண்டு மூன்று மாதத்தில் வரட்டும் என்றுதான், என் கடவுச்சீட்டில் பெயர் பதிந்திருந்த வதனியோடு நான் முன்னால் புறப்பட்டேன். அப்படி இன்னொரு முறை நேரக்கூடாது. மட்டக்களப்புக் கச்சேரிப் பதிவாளரிடம் அத்தாட்சிப் பிரதி ஒன்று பெற்று அனுப்பச் சொல்லுங்கள்.

மதிப்புடன்,
கிருபானந்தன்


களுவாஞ்சிக்குடி
16.10.1986

அன்பின் சட்டத்தரணி மச்சானுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உம்முடைய கடிதம் நேற்றுக் கிடைத்தது. இருபத்தாறு வருட உத்தியோகத்தில் யானைக்குக்கூட ஊசி போட்டிருக்கிறேன். ஆமைக்கு ஆலோசனை கேட்டவர் நீர்தான் முதல் ஆள்.

என் அபிப்பிராயம் இதுதான். உண்ணாத மிருகம் நோயாளி மிருகம். நோயாளியைப் பெட்டியில் போட்டு மூடுவது வைத்தியமல்ல. இளஞ்சூட்டு நீரில் நாளுக்குப் பத்து நிமிடம் விடும். மென்மையான இலைகளைக் கொடும். உறங்க விடவேண்டாம். கிரேக்கர் நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் வைத்தியம் படித்தவரல்லரே.

கீழே இடம் விடச் சொல்லித் தங்கச்சி என் முழங்கையை இடித்துக்கொண்டிருக்கிறாள். பேனாவைக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
நடராசா

இஞ்சாருங்க, ஆமைக்கு ஒரு பக்கம், பொஞ்சாதிக்கு மூண்டு வரி. நல்ல நியாயம். நாளைக்கு வெள்ளிக்கிழமை, கச்சேரிக்குப் போறன். போட்டோப் பிரதி காணும் எண்டு அவங்களே சொன்ன மறுகா உங்களுக்கு என்ன பிடிவாதம்? முத்திரை குத்தாட்டிச் சோத்தையும் தின்ன மாட்டீங்க போல இரிக்கி. குஞ்சு மகள், ஆமைக்குப் பேர் வெச்சாச்சா? குளிருக்குத் தொப்பி போடாமப் போனா நான் வந்து காதப் பிடிச்சுத் திருகுவன், சொல்லிப்போட்டன். மலர்.


மொன்றியல்
09.11.1986

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் இருவரின் சுகத்தையும் கடிதத்தின் ஈற்றில் இருந்த கையெழுத்தே அறிவித்துவிட்டது. வதனி அந்த வரிகளை வெட்டியெடுத்துத் தன் பாடப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். ஆமையின் பெயர் புளியங்கொட்டை என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னாள்.

உங்கள் ஆலோசனைப்படி இளஞ்சூட்டு நீரில் விட்டோம். ஆயினும் பத்து நாளாகப் புளியங்கொட்டை எதுவும் தின்னவில்லை. எடை நூற்று ஐம்பத்தொன்று. கோஸ்தாஸ் இரண்டாம் முறையும் வந்து பார்த்தார். உள்வீட்டில் வைத்து விளக்குப் போட்டுச் சூடாக வைத்தால் தின்னும். நிலவறைக் குளிரில் வைத்தால் உறங்கும். இரண்டில் ஒன்றைச் செய் என்றார்.

உங்கள் அபிப்பிராயமும் அவருடையதும் முரண்படுகின்றன. முரண்பட்ட சாட்சியங்கள் உள்ளபோது நீதிமன்றம் செய்வதையே நானும் செய்தேன்: இறுதித் தீர்ப்பு வரையில் எத்தரப்புக்கும் பாதகமில்லாத ஓர் இடைக்கால உத்தரவு. எங்கள் சமையலறைக்கு வெளியே பின்படிக்கட்டுக் கூடம் ஒன்றுண்டு. வீட்டைப்போலச் சூடுமில்லை, நிலவறையைப்போலக் குளிருமில்லை. வெப்பமானி பதின்மூன்று பாகை காட்டுகிறது. பெட்டியை அங்கே வைத்திருக்கிறேன். இதனால் விழிப்புக்கோ உறக்கத்துக்கோ நான் இடம் கொடுத்துவிட்டதாக ஆகாது. நீங்கள் மீண்டும் ஆராய்ந்து எழுதுங்கள்.

மலர் கச்சேரிக்குச் சென்று வந்த விபரத்தையும் எதிர்பார்க்கிறேன்.

மதிப்புடன்,
கிருபானந்தன்


களுவாஞ்சிக்குடி
29.11.1986

அன்பின் மச்சான் கிருபானந்தனுக்கு,

சுகம் விசாரித்தமைக்கு நன்றி. மழை தொடங்கிவிட்டது. தபால் ஒழுங்காக வருவதில்லை.

ஆமை விடயத்தை மிகவும் யோசித்தேன். பரணிலிருந்து என் பழைய பாடநூல்களை இறக்கினேன். ஊர்வன பற்றி மொத்தம் நான்கு பக்கம். குளிர்நாட்டு ஆமைகள் உறங்குவது இயற்கை என்றும், அப்போது இதயம் நிமிடத்துக்குச் சில தடவையே துடிக்கும் என்றும், பார்ப்பவர்கள் இறந்துவிட்டதாக மயங்குவதுண்டு என்றும் எழுதியிருக்கிறது. குஞ்சுகளைப் பற்றி ஒன்றுமில்லை. பேராதனையில் விரிவுரையாளராக இருக்கும் நண்பர் ஒருவருக்கு எழுதியிருக்கிறேன். அவருடைய பதில் வரும்வரை நீர் செய்த ஒழுங்கே நல்ல ஒழுங்கு. இப்போதைய நிலையை மாற்றவேண்டாம். அப்படியே இருக்கட்டும்.

நீர் கேட்ட அத்தாட்சிப் பிரதி இத்துடன் வருகிறது. தங்கச்சிக்குக் கையில் நோவு. பேனா பிடிக்க இயலாமல் இருக்கிறாள். வேறு விசேடம் இல்லை.

ஆமையின் நாசித் துவாரத்தில் நீர் வடிகிறதா, கண் மூடியிருக்கிறதா என்று அவதானித்து எழுதும். ஓட்டின் அடிப்பக்கத்தை அழுத்தினால் மென்மையாக இருக்கிறதா என்பதையும் எழுதும். எதையும் விடாமல் எழுதும்.

அன்புடன்,
நடராசா


மொன்றியல்
20.12.1986

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் யாவரும் சுகமென்று கொள்கிறேன்.

நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்: நாசியில் நீர் வடியவில்லை. கண்கள் பாதி மூடியுள்ளன. அடிப்பக்க ஓடு கெட்டியாகவே உள்ளது. எடை நூற்று முப்பத்தெட்டு. உறங்குகிறது என்றும் சொல்ல முடியாது. தொட்டால் காலை இழுக்கிறது. விழித்திருக்கிறது என்றும் சொல்ல முடியாது. இலையை மூக்கில் வைத்தாலும் திரும்புவதில்லை. கோஸ்தாஸ் கூடத்துக்கு வந்து பெட்டியைக் கண்டதும் தலையில் கை வைத்தார். "சூடு நல்லது. குளிர் நல்லது. நடுவில் வைத்தாயோ, உறங்காது, தின்னாது, தன்னையே தின்னும்," என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். இதை அவருடைய பாட்டனார் சொன்னாராம். அது கேள்விச் சாட்சியம். அதை மட்டும் நம்பி நான் இயங்க முடியாது. பேராதனையின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

பிரதி கிடைத்தது. முத்திரையும் ஒப்பமும் ஒழுங்காக உள்ளன. வழங்கிய திகதி ஒக்டோபர் 17. அதை இன்னும் விண்ணப்பத்துடன் சேர்க்கவில்லை.

மலருக்குக் கையில் நோவு என்று எழுதியிருந்தீர்கள். எந்தக் கை என்று எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

வதனி தன் தாய்க்கு எழுதிய கடிதம் ஒன்றையும் இதனுள் வைத்திருக்கிறேன். நான் படிக்கவில்லை.

மதிப்புடன்,
கிருபானந்தன்


களுவாஞ்சிக்குடி
11.01.1987

அன்பின் மச்சானுக்கு,

புதுவருடம் உங்கள் இருவருக்கும் நன்மையாக அமையட்டும். இங்கு எல்லோரும் ஒருவாறு இருக்கிறோம்.

பேராதனை நண்பரின் பதில் வந்துவிட்டது. உடனே எழுதுகிறேன். மூன்று வயதுக்குக் குறைந்த ஆமையையும் எடை குறைந்த ஆமையையும் உறங்க விடலாகாதாம். வீட்டுக்குள் விளக்கின் கீழ் இருபத்தைந்து பாகைக்கு மேல் வைத்துத் தின்னச் செய்யவேண்டும். எல்லாவற்றிலும் கெடுதி இடைப்பட்ட வெப்பம் என்று கோடிட்டு எழுதியிருக்கிறார். கிரேக்கர் சொன்னதே சரி. கடிதம் கண்டவுடன் பெட்டியை உள்ளே எடும்.

வதனியின் கடிதத்தைத் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். மிகவும் சந்தோஷப்பட்டாள். "வதனி மகளே, நன்றாகப் படிக்க வேண்டும், அப்பாவின் சொற்படி நடக்க வேண்டும்" என்று எழுதச் சொன்னாள்.

பெட்டியை உடனே உள்ளே எடும்.

அன்புடன்,
நடராசா


மொன்றியல்
02.02.1987

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் 31ஆம் திகதி சனிக்கிழமை கிடைத்தது. புளியங்கொட்டை வியாழக்கிழமை இறந்துவிட்டது. நூற்றுப் பதினேழு கிராம். காலையில் தொட்டபோது காலை இழுக்கவில்லை. உங்கள் பாடநூலை நினைத்து மாலை வரை பொறுத்தேன். தொழிற்சாலையிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது கண்கள் உள்ளே குழிந்திருந்தன.

குளிரும் அதைக் கொல்லவில்லை, சூடும் கொல்லவில்லை. என் உத்தரவு கொன்றது. எத்தரப்புக்கும் பாதகமில்லை என்று நான் எழுதியதை நீங்கள் வைத்திருந்தால் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

வதனியிடம் சொல்லவில்லை. பெட்டியை மூடிக் கோஸ்தாஸின் நிலவறையில் வைத்து, உறங்குகிறது என்று சொன்னேன். சித்திரையில் விழிக்குமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தபோதுதான், மூன்று மாதமாக நீங்கள் எனக்கு என்ன செய்து வருகிறீர்கள் என்பது முழுவதும் விளங்கியது.

ஒக்டோபர் 16ஆம் திகதி மலர் தன் கையால் எழுதினாள். 17ஆம் திகதி பிரதி பெறப்பட்டிருக்கிறது. அதன்பின் அவளுடைய எழுத்து ஒன்றும் இல்லை. சட்டத்தரணியின் மனைவி ஆவணத்தை மடிக்கமாட்டாள். அட்டைக்குள் வைத்தே கொண்டுபோவாள். எனக்கு வந்த பிரதி எட்டாக மடிந்து, நனைந்து, பின்பு இஸ்திரிப்பெட்டியால் தேய்க்கப்பட்டிருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் மடிப்புகள் தெரிகின்றன. மேலும், அவள் தன் மகளைக் குஞ்சு என்றன்றி ஒருநாளும் வதனி என்று அழைத்ததில்லை. படி என்று சொன்னதுமில்லை. தொப்பியைப் போடு என்பாள்.

கடைசி ஒன்றைத் தவிர மற்றவற்றை டிசம்பரிலேயே கண்டேன். கேட்கவில்லை. விடை எதுவென்று நிச்சயமில்லாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே என்பது எங்கள் தொழிலில் முதற் பாடம். எனக்கு விடை நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அப்படியிருந்தும் கேட்காமல் ஆமையின் எடையை எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது கேட்கிறேன். என் மனைவி உயிரோடிருக்கிறாளா?

கிருபானந்தன்


களுவாஞ்சிக்குடி
24.02.1987

கிருபானந்தன்,

இல்லை.

ஒக்டோபர் 17, வெள்ளிக்கிழமை. கச்சேரி அலுவலை முடித்துக்கொண்டு இரண்டரை மணி பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். வழியில் கண்ணிவெடி வெடித்தது. அதற்குப் பிறகு துப்பாக்கிச் சூடு நடந்தது. பஸ்ஸில் இருந்தவர்களில் ஒன்பது பேர். நான் போய்ச் சேர்ந்தபோது இருட்டுப்பட்டுவிட்டது. முகத்தில் காயம் இல்லை. இதை உமக்காகக் கூட்டி எழுதவில்லை, இல்லாததனால் எழுதுகிறேன். கொள்ளி வைத்தது நான். முப்பத்தோராம் நாளும் முடித்துவிட்டுத்தான் உமக்கு நவம்பர் கடிதத்தை எழுதினேன்.

கைப்பையை இரண்டு நாள் கழித்து ஒருவர் கொண்டுவந்து தந்தார். பிரதி அதற்குள் நனைந்து கிடந்தது. தேய்த்தது நான்தான். அதைக் கண்டால் நீர் வேறொன்றும் கேட்கமாட்டீர் என்று நினைத்தேன். உம்முடைய தொழிலை மறந்துவிட்டேன்.

தந்தி எழுதிய தாளை மூன்று தரம் தபால் கந்தோர்வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தேன். அந்நிய நாட்டில், பனிக்குள், ஒரு பெண்பிள்ளையோடு தனியாக நிற்கிற மனிதனுக்கு, நீர் கேட்டனுப்பிய கடதாசிக்காகப் போய்த்தான் அவள் செத்தாள் என்று எப்படி எழுதுவது? ஆமையைப் பற்றி எழுத இருக்கும்வரை உமக்கு எழுத எனக்கு ஒரு விடயம் இருந்தது. அதனால்தான் நாசியைப் பார், கண்ணைப் பார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கு ஆமையைப் பற்றி ஒன்றும் தெரியாது. முதற் கடிதத்திலேயே அப்படி எழுதியிருந்தால் நீர் கிரேக்கரின் பேச்சைக் கேட்டிருப்பீர். அதுவும் என் கணக்கில் இருக்கட்டும்.

பிள்ளையிடம் சொல்லும். என்னைப்போல் செய்யாதேயும்.

நடராசா


மொன்றியல்
17.03.1987

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. உங்களைக் குற்றம் சாட்டும் தகுதி எனக்கு இல்லை.

மரணத் துடக்கு, அறிந்த நாளிலிருந்து கணக்கிடப்படும் என்பது நம் வழக்கம். நான் அறிந்தது எந்த நாள்? உங்கள் கடிதத்தை உடைத்த மார்ச் 14ஆம் திகதியா, பிரதியை வெளிச்சத்தில் பிடித்த டிசம்பர் நாளா? கேட்பதற்கு இந்தப் பக்கத்தில் ஐயர் எவரும் இல்லை. சட்டப்படி டிசம்பர் என்றே நான் தீர்ப்பளிப்பேன். ஆயினும் சனிக்கிழமைதான் தலை முழுகினேன்.

ஞாயிற்றுக்கிழமை வதனியிடம் சொன்னேன். சொல்ல இரண்டு செய்திகள் இருந்தன. எதை முதலில் சொல்வதென்று காலை முழுவதும் யோசித்து, நிகழ்ந்த திகதி வரிசைப்படி சொல்வதெனத் தீர்மானித்தேன். ஒக்டோபரைச் சொல்லி முடித்தேன். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. ஜனவரியைத் தொடங்கினேன், அவள் இடைமறித்தாள்.

"அது தெரியும் அப்பா. நித்திரை இல்ல அது. நான் கீழ போய்ப் பெட்டியத் திறந்து பாத்தன்."

"எப்ப பாத்த?"

"நீங்க சொன்ன அண்டைக்கே. நீங்க கவலைப்படுவீங்க எண்டு சொல்லல்ல."

ஆறு கிழமையாக அவள் நாள்தோறும் என்னிடம், புளியங்கொட்டை இன்னும் உறங்குகிறதா என்று கேட்டு வந்தாள். நானும் ஆம் என்று சொல்லி வந்தேன். ஒன்பது வயது. இந்தத் தொழிலை அவள் எங்கள் இருவரிடமிருந்தும் கற்றிருக்கிறாள்.

பின்பு, "நான் அம்மாக்கு எழுதின கடிதம் ஆர் வாசிச்ச?" என்று கேட்டாள்.

"மாமா வாசிச்சவர்."

"அதுக்கு அம்மா சொன்ன எண்டு எழுதினது?"

"அதுவும் மாமாதான்."

அதன்பின்பே அழுதாள். கோஸ்தாஸின் மனைவி படியேறி வந்து கதவைத் தட்டும் அளவுக்கு அழுதாள். அந்த அம்மாளுக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.

நேற்றுப் பாடசாலையால் வந்ததும் சமையலறை மேசையில் இருந்து, இத்துடன் வரும் கடிதத்தை எழுதினாள். உறை உங்கள் பெயருக்கு. தானே எச்சில் தொட்டு ஒட்டிவிட்டாள். நான் எதையும் திருத்தவில்லை; திருத்தவா என்று கேட்கவும் இல்லை. அதில் என்ன கேட்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. பஸ்ஸைப் பற்றிக் கேட்டிருக்கலாம். உங்களைத் திட்டியும் எழுதியிருக்கலாம். என்னைப் பற்றியும், அந்தப் பிரதியை யார் கேட்டனுப்பினார் என்பதைப் பற்றியும் கேட்டிருக்கலாம்.

எதைக் கேட்டிருந்தாலும் அவளுக்கே நேரில் எழுதுங்கள். அவள் கேட்டதற்கு, கேட்டபடி, ஒன்றையும் குறைக்காமல் எழுதுங்கள். என் பெயர் வரும் இடத்தில் என் பெயரையும் எழுதுங்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிருபானந்தன்